'ரிமோட் லைசென்ஸ்' என்று காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்தக் கடை, வீடு திருமங்கலத்தில். கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுவது விண்டோஸ் கம்ப்யூட்டரில், வீட்டில் என்னிடம் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட லேப்டாப். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டும், அந்த நேரம் பார்த்து சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மாசி வீதிக்குள் வண்டியே நுழையாது. வீட்டிலிருந்தே கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்க முடியுமா என்று, கடைக்கு வழக்கமாக சர்வீஸ் பார்க்கும் ஆளிடம் கேட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது.

"லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்குள்ள போக முடியாதுண்ணே, தனியா ரிமோட் லைசென்ஸ் வாங்கணும், ஒரு வருஷத்துக்கு 6,500" என்றார். கொடுத்தேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், ஜிஎஸ்டி நம்பர்கூட இல்லை. அன்றே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வேலை செய்தது, ஆனால் நான் வீட்டிலிருந்து உள்ளே போனால் கடையில் பில் போடும் தம்பியின் திரை பூட்டிக்கொள்ளும். அவன் திரும்ப உள்ளே வந்தால் என் இணைப்பு அறுந்துவிடும். கேட்டால் "அது அப்படித்தாண்ணே" என்று முடித்துவிட்டார். மூன்றே மாதத்தில் ஒரு விண்டோஸ் அப்டேட் வந்தது, மறுநாளிலிருந்து இணைப்பே இல்லை. ஃபோன் செய்தால் லைசென்ஸ் முடிந்துவிட்டதாம், புதுப்பிக்க இன்னும் 2,500 வேண்டுமாம். ஒரு வருஷ லைசென்ஸ் மூன்று மாதத்தில் எப்படி முடியும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

நல்ல வேளையாக அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான், கம்ப்யூட்டர் படித்தவன். திங்கட்கிழமை அவனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "மாமா, முதல்ல ரவுட்டர் வயரைக் கழட்டுங்க" என்றான்.

அவன் காட்டியதைச் சொல்கிறேன். எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் ஹோம். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (சுருக்கமாக ஆர்டிபி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கும் விண்டோஸ் வசதி) வழியாக உள்ளே வருவதை அந்த வகை அனுமதிக்காது, ப்ரோ வகைதான் அனுமதிக்கும். ப்ரோவில் அது கூடவே வருவது, அதற்கென்று வருஷாவருஷம் கட்டும் லைசென்ஸ் எதுவும் கிடையாது. இந்த ஆள் வெளியில் கிடைக்கும் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டு ஹோமை ஏமாற்றி வைத்திருக்கிறார். விண்டோஸின் வைரஸ் காவலாளியான டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்று அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறார். விண்டோஸ் அப்டேட்டில் சம்பந்தப்பட்ட கோப்பு மாறியதும் அது படுத்துவிட்டது. லைசென்ஸ் முடிந்த கதை அவ்வளவுதான்.

காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கதவை, உலகத்துக்கே திறந்துவிட்டிருந்தார், பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123உம். இந்த எண் எங்கே திறந்திருக்கிறது என்று இணையத்தில் ராப்பகலாகத் தேடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் உண்டு. விண்டோஸ் பதிந்து வைக்கும் குறிப்புகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 4625 என்ற எண்ணில், அதாவது தோற்றுப்போன நுழைவு முயற்சிகள், பக்கம் பக்கமாக இருந்தன. அட்மின், டெஸ்ட், யூசர் என்று யார் யாரோ எங்கள் கடைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பாஸ்வேர்டு மட்டும்தான் ஆபத்து என்றில்லை. 2019 மே மாதம் வெளியே வந்த புளூகீப் என்ற ஓட்டையில் பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் புக முடிந்தது, அதற்காக மைக்ரோசாஃப்ட் ரொம்பப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூடத் திருத்தம் வெளியிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் பேங்க் பாஸ்வேர்டு பிரௌசரில் சேமித்துக் கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. எதுவும் போகவில்லை, ஆனாலும் எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். யாருக்காவது இப்படிப் பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அடியுங்கள், தாமதிக்காதீர்கள்.

லினக்ஸிலிருந்து முடியாது என்று சொன்னதும் பொய். ரெம்மினா என்ற இலவச மென்பொருள் என் லேப்டாப்பில் முதலிலிருந்தே இருந்தது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. அது ஆர்டிபியும் பேசும், திரையைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் இன்னொரு முறையான விஎன்சியும் பேசும். இப்போது கடையில் டைட்விஎன்சி என்ற விஎன்சி புரோகிராம் போட்டிருக்கிறோம், அதுவும் இலவசம். நானும் பில் போடும் தம்பியும் ஒரே திரையைப் பார்க்கிறோம், யாரையும் யாரும் வெளியே தள்ளுவதில்லை. விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துதான் கணக்கு என்பதால் அதை அப்படியே இணையத்தில் திறந்துவிடக் கூடாது என்று, வயர்கார்டு என்ற விபிஎன்னுக்குள், அதாவது பூட்டிய தனிப் பாதைக்குள், வைத்துக் கொடுத்தான். சரியான சாவி இல்லாமல் தட்டினால் வயர்கார்டு பதிலே சொல்லாது. செலவு ஒரு ரூபாய் இல்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். "வேலை பார்த்தாச்சுல்லண்ணே" என்று வைத்துவிட்டார்.

உங்கள் கடையிலும் யாராவது இப்படிப் போட்டுக் கொடுத்திருந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் போய் ஹோமா ப்ரோவா என்று பாருங்கள். ஹோம் என்று இருந்தும் ஆர்டிபி வேலை செய்கிறதென்றால் ஏதோ ஒட்டுவேலை நடந்திருக்கிறது. அப்புறம் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து 3389 இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அதே ஆள் வேலை பார்த்த கடைகள் எனக்குத் தெரிந்து இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்கு நேற்று மருமகனோடு போனேன், அங்கேயும் 3389 திறந்தே கிடந்தது, அடைத்துவிட்டு வந்தோம். இன்னொரு கடை முதலாளி வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வந்ததும் போகிறோம்.