பண்டாரவளையில் குடும்பத்தோடு நீர் ஏரோபிக்ஸ்: தண்ணீர் எத்தனை பாகை?

பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் நீச்சல் தடாகத்தில் 45 நிமிட நீர் ஏரோபிக்ஸ், அதாவது தண்ணீரில் நின்று செய்யும் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறது. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை எல்லாருக்கும் என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறார்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும் சரி. பேரப்பிள்ளை விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். இந்தப் பயிற்சிக்கு 28 முதல் 30 பாகை செல்சியஸ் வேண்டும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இன்னும் ஓரிரு பாகை கூடினால் நல்லது. கொழும்பில் அந்த வேலையை வெயிலே பார்த்துக்கொள்ளும். பண்டாரவளையின் 1,200 மீற்றர் உயரத்தில் பார்க்காது. குளத்துச் சூட்டில் பெரும்பங்கு ஆவியாகித்தான் போகிறது, ஆகவே ஹீட்டர் இருந்தும் இரவில் மூடி போடாவிட்டால் பிரயோசனமில்லை. இங்கே இரண்டும் உண்டு. மூடி போட்ட இரவுக்கு மறுநாள் 29 பாகை இருக்கும். சனி இரவு குளத்தடியில் விருந்து வைத்துவிட்டு மூடியை மறந்தால் 26தான். நீளத்துக்கு நீந்துகிறவர்களுக்கு 26 தாராளம். ஒரே இடத்தில் நின்று கைகாலை அசைக்கும் எழுபது வயது அம்மாவுக்கு இருபது நிமிடத்தில் நடுக்கம் பிடித்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் உடற்சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும்.

வகுப்பு நடத்தும் மிஸ் கெட்டிக்காரர். கரையில் நின்றுதான் காட்டுகிறார், அதனால் எல்லாருக்கும் அவருடைய கால் தெரிகிறது. கரையில் நின்று சொல்லிக்கொடுப்பவர்கள் தரையில் ஆடும் வேகத்திலேயே ஆடிக் காட்டுவதுதான் வழக்கமான பிழை. இவர் பாட்டின் இரண்டு தட்டுக்கு ஓர் அசைவு என்று நிதானமாகப் போகிறார். தண்ணீரில் வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பலம் கூட்ட வேண்டியவர்கள் வேகத்தைக் கூட்டலாம், முடியாதவர்கள் உள்ளங்கையைப் பக்கவாட்டில் திருப்பித் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகலாம். ஒரே அசைவில் மகளும் தாயும் தத்தம் அளவுக்குச் செய்ய முடிவது இதனால்தான்.

முதல் பத்து நிமிடம் நின்ற இடத்தில் நடை, பிறகு மெல்லோட்டம், கைகால் விரித்துக் குதித்தல், முன்னும் பின்னும் கத்தரிபோல் கால் மாற்றுதல். ஒவ்வொரு முறையும் குதிகால் தரையில் பட வேண்டும் என்று மிஸ் சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. நுனிக்காலிலேயே துள்ளினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரில் இன்னும் சீக்கிரம்.

நெஞ்சளவுத் தண்ணீரில் முழங்காலுக்கு வரும் பாரம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்; 60 கிலோ ஆள் 20 கிலோபோல நிற்பார். மலையேறி இறங்கித் தேய்ந்த முழங்காலுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நடுவில் கொடுக்கும் ஃபோம் டம்பெல் எல்லாருக்கும் ஏற்றதல்ல. அதைத் தண்ணீருக்குள் அமுக்கும்போது அது மேலே உந்தும், தோள் காதுவரை ஏறிவிடும். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமந்து வருடக்கணக்காகக் கழுத்து நோவோடு இருப்பவர்கள் அதை வாங்காமல் வெறுங்கையால் செய்வதே நல்லது. மிஸ் இதைத் தானாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்.

இனிப் பிள்ளைகள். ஆழம் குறைந்த பக்கம் 1.1 மீற்றர். வளர்ந்தவர்களுக்கு நெஞ்சுக்குக் கீழே நிற்கும் தண்ணீர் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தோளைத் தாண்டும். துள்ளுவதற்கு அந்த ஆழம் கூடிப்போய்விடும், பிள்ளை மிதந்துவிடும். மிதவைக் குழாயைக் கொடுத்து ஓரத்தில் விடுகிறார்கள். அது விளையாட்டு, உடற்பயிற்சியல்ல. தாய் அரைக்கண்ணால் பிள்ளையைப் பார்த்தபடியே செய்ய வேண்டியிருக்கிறது. உயிர்காப்பாளர் ஒருவர் இருக்கிறார், அவரே துவாயும் கொடுக்கிறார். இந்த இரட்டை வேலை கூடாது. 1.4 மீற்றர் உயரம் வந்த பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம்.

குளோரீன் 1 முதல் 3 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு), பிஎச் (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8 என்று பலகையில் அன்றன்று எழுதி வைக்கிறார்கள், பாராட்ட வேண்டும். கண் எரிந்து மூக்கைத் துளைக்கும் வாசம் வந்தால் குளோரீன் கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து கெட்ட குளோரீன்தான் அப்படி நாறும். இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பது அதற்காகத்தான். அட்டை கடித்த இடம் இன்னும் கசிந்தால் அன்று இறங்க வேண்டாம்.

பருத்திச் சல்வார் தண்ணீர் குடித்துக் காலை இழுக்கும். பொலியெஸ்டர் லெகின்சும் உடம்போடு ஒட்டிய டீசேட்டும் போதும், தடுப்பதில்லை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி வழக்கம் என்பதால் காலை நேரமே சரி. இடி கேட்டால் வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்க வேண்டும்.

நான்கு பேருக்குக் கட்டும் காசு தோட்டத்தில் ஒருவருடைய ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டுகிறது, ஆகவே வாராவாரம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. வீட்டில் முழங்கால் நோவுள்ள ஒருவரை மட்டும் ஒழுங்காக அனுப்புவது புத்தி. சனி இரவே ஃபோன் எடுத்து மூடி போட்டாயிற்றா என்று கேளுங்கள். உடுப்பு மாற்றும் அறையில் சுடுதண்ணீர் வரும் ஷவர் ஒன்றே ஒன்று. வயசாளிகள் கடைசி ஐந்து நிமிட நீட்டல் பயிற்சியை விட்டுவிட்டு முதலில் அங்கே போய்விடலாம்.