கெமிக்கல் பிரதர்ஸா, ஆர்பிட்டலா? எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்

ரெண்டுமே எலக்ட்ரானிக் மியூசிக் பண்ற இங்கிலாந்து ஜோடிதான், ஆனா கெமிக்கல் பிரதர்ஸ்ல யாரும் அண்ணன் தம்பி கிடையாது, டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் மான்செஸ்டர் யூனிவர்சிட்டில ஒண்ணா ஹிஸ்டரி படிச்சவங்க. முதல்ல டஸ்ட் பிரதர்ஸ்னு பேர் வச்சிருந்தாங்க, அமெரிக்கால அதே பேர்ல ஏற்கனவே ஆள் இருந்ததால 1995ல மாத்த வேண்டியதாப் போச்சு. நிஜமான அண்ணன் தம்பி ஆர்பிட்டல்தான், ஃபில், பால் ஹார்ட்னால்.

கெமிக்கல் பிரதர்ஸ்கிட்ட அடி பலமா இருக்கும், ஹிப் ஹாப் டிரம்ஸ், ராக் சத்தம் எல்லாம் கலந்து. 1996ல ஒயாசிஸ் பேண்டோட நோயல் கேலகர் பாடின 'செட்டிங் சன்' பிரிட்டன்ல நம்பர் ஒன். முக்கியமா அவங்க பிரியவே இல்ல, 2019ல வந்த 'நோ ஜியாகிரஃபி' ஆல்பத்துக்கும் கிராமி வாங்கினாங்க.

ஆர்பிட்டல் அப்படி இல்ல, 2004ல பிரிஞ்சு, சேர்ந்து, 2014ல திரும்பப் பிரிஞ்சு, மறுபடி சேர்ந்தாங்க. ஆனா வீட்லயே பண்ணின 'சைம்' பாட்டு 1990ல பிரிட்டன்ல டாப் 20க்குள்ள வந்துச்சு, டிவில அந்தப் பாட்டுக்காக வந்தப்ப அரசு தலைக்கு இவ்வளவுன்னு போட்ட போல் டாக்ஸ் வரியை எதிர்த்து டிஷர்ட் போட்டுட்டு நின்னாங்க, அந்த தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'ஹால்சியான்' கேளுங்க, ஹார்ட்னால் சகோதரர்களோட அம்மா வருஷக்கணக்கா எடுத்துக்கிட்ட தூக்க மாத்திரையோட பேரு அது, அவங்களுக்காகவே பண்ணினது, அந்த பாட்டு மெதுவா விரியறத வேற யார்கிட்டயும் நான் கேட்டதில்ல.

ஆடணும்னா கெமிக்கல் பிரதர்ஸ். ராத்திரி ஹெட்ஃபோன்ல தனியா கேக்கறவங்க ஆர்பிட்டலோட 1993 ஆல்பத்துல ஆரம்பிங்க, என் ஓட்டு அதுக்குத்தான்.