மூன்று வயதுக் குதிரையின் கால் முறிவுக்கு அறுவை சிகிச்சை: லாயத்திலிருந்து ஒரு மதிப்புரை

சிங்கப்பூரின் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு குதிரைப் பந்தயம் நின்றுபோவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், என் பொறுப்பில் இருந்த மூன்று வயதுக் குதிரை ஒன்று காலைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது இடது முன்னங்காலை ஊன்ற மறுத்தது. முட்டிக்குக் கீழே உள்ள கேனன் எலும்பின் அடியில், மூட்டிலிருந்து வெளிப்பக்கமாக மேலேறிய மெல்லிய கீறல் எக்ஸ்ரேயில் தெரிந்தது. துண்டு இடம் பெயரவில்லை. அதற்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவக் குழுவின் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

மருத்துவர் உரிமையாளரிடம் மட்டுமல்லாமல் என்னிடமும் படத்தைக் காட்டி விளக்கினார். வெளித்துண்டில் துளையைச் சற்றுப் பெரிதாக இட்டு, எதிர்ப்பக்க எலும்பில் மட்டும் மரை பிடிக்குமாறு 4.5 மில்லிமீட்டர் திருகாணியை முறுக்கினால் இரண்டு பகுதிகளும் நெருங்கி இறுகும் என்பதையும், மூட்டின் பரப்பு பிசகாமல் சேர்ந்தால்தான் பின்னாளில் மூட்டு தேயாமல் இருக்கும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். மூன்று திருகாணிகள் போட்டார்கள். அந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் குதிரைக்குச் செய்யும் அறுவையில் கத்தியைவிட எனக்கு அச்சம் தருவது மயக்கம் தெளியும் நேரம்தான். கண் விழித்ததும் எழுந்து ஓடத் துடிக்கும் இயல்புடைய, 450 கிலோ எடையுள்ள ஓர் உயிர் தடுமாறி எழும்போது, சற்று முன் பொருத்திய எலும்பே மீண்டும் உடைந்துவிடக்கூடும். சுவரிலும் தரையிலும் மெத்தையிட்ட அறையில் விளக்கைக் குறைத்து, தலைக்கயிற்றையும் வால்கயிற்றையும் வளையங்கள் வழியே வெளியே எடுத்து, ஆளுக்கொன்றாகப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஒருவரும் உரக்கப் பேசவில்லை. முதல் முயற்சியில் சரிந்த குதிரை இரண்டாவதில் எழுந்து நின்றது. வால்கயிறு பிடித்தவர் கையை விரித்தபோது உள்ளங்கையில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. இந்தக் குழுவுக்கு நான் முழு மதிப்பெண் தருவது இதற்காகவே.

குறை, லாயத்துக்குத் திரும்பிய பிறகு தொடங்கியது. 2006இல் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற மூன்று வயதுக் குதிரைக்குத் தகட்டோடு 27 திருகாணிகள் பொருத்திக் காப்பாற்றப் பார்த்தார்கள். பாரம் தாங்கிய மறு காலின் குளம்பில் லேமினைடிஸ் என்னும் அழற்சி வந்து, பிறகு முன்னங்குளம்புகளையும் பற்ற, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே நல்ல காலைக் கவனிப்பதுதான் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தந்த இரண்டு பக்கக் குறிப்பில் அந்த எச்சரிக்கை கடைசி வரியாகக் கிடந்தது. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். இரவில் குதிரையோடு இருந்தவர்களோ தமிழும் மலாயும் பேசும் சைஸ்கள், அதாவது குதிரைப் பராமரிப்பாளர்கள். குளம்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பதையும், குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறம் இரண்டு விரல் வைத்து நாடி பலமாகத் துடிக்கிறதா என்று அறிவதையும் நானே காட்டிக்கொடுத்து, தமிழில் எழுதிக் கதவில் ஒட்டினேன். நம்மூர்ப் புழுக்கத்தில் தடித்த கட்டுக்குள் தோல் வெந்துபோகும் என்பதால் கட்டை அடிக்கடி மாற்ற நேர்ந்தது; அந்தச் செலவும் முதலில் சொன்ன தொகையில் சேரவில்லை.

இரண்டு மாதம் லாயத்துக்குள்ளேயே ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடை, மூன்றாம் மாத இறுதியில் மறு எக்ஸ்ரே. கீறல் மூடியிருந்தது. அதே குழுவிடம் மீண்டும் போகத் தயங்கமாட்டேன், கட்டு மாற்றும் செலவை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு.

மலேசியாவில் குட்டி வளர்க்கும் நண்பர்கள் இதே சிகிச்சை குட்டிக்கும் பொருந்துமா என்று கேட்கிறார்கள். குட்டி எடை குறைவு, எலும்பும் விரைவில் கூடும். ஆனால் எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டின் குறுக்கே திருகாணி போட்டால், கால் கோணாமல் இருக்க அதை உரிய காலத்தில் எடுத்தாக வேண்டும். அந்த இரண்டாவது அறுவை எப்போது என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.