சாவி கொடுக்கும் எச்.எம்.டி: பல வருடம் கட்டிப் பார்த்ததில் தெரிந்தது

பழைய எச்.எம்.டி வாட்ச் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டயல் புதுசு போல இருக்கிறதா என்றுதான். பல வருடங்களாக இந்த வாட்ச்களைச் சேர்த்து, சர்வீஸ் பார்த்து, மாற்றி மாற்றிக் கட்டி வருகிறேன். என்னைக் கேட்டால், டயல் பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தயாரிப்பு இது. எச்.எம்.டி வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. அதற்குப் பிறகு இணையத்தில் கிடைக்கும் 'புத்தம் புது' பைலட் மாடல் வாட்ச்களில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு சேராது. பைலட் என்றாலே கறுப்பு டயல்தான் அழகு. ஆரஞ்சிலும் கிளிப்பச்சையிலும் வருவதை நான் கையில்கூட எடுப்பதில்லை. லேசாக மஞ்சளித்து, ஓரத்தில் புள்ளி விழுந்த அசல் டயல் கிடைத்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். துடைக்கக்கூட வேண்டாம், அச்செழுத்து கையோடு வந்துவிடும். கண்ணாடி அக்ரிலிக்தான், கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், முடியாவிட்டால் மாற்றலாம்.

செலவு செய்ய வேண்டிய இடம் உள்ளே இருக்கும் மெஷின். ஜனதா, பைலட் இரண்டு மாடலிலும் பெரும்பாலும் 17 ஜுவல் (அச்சுத் தேய்மானத்தைக் குறைக்கும் சின்னக் கல்) உள்ள, 0231 என்ற மெஷின்தான். நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் வீல் மணிக்கு 18,000 முறை ஆடுகிறது, அதாவது நொடிக்கு ஐந்து. உள்ளே எண்ணெய் காய்ந்த பிறகும் வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சக்கரங்களின் அச்சு தேய ஆரம்பித்திருக்கும். "ஓடுதே சார், எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்கும் மெக்கானிக்கிடமும், மெஷினைப் பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுப்பவரிடமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கழுவி, தேவையான இடத்தில் மட்டும் துளி எண்ணெய் வைப்பவர் வேண்டும். பேலன்ஸ் வீலை ஆட வைக்கும் முடி போன்ற சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது.

அப்படிச் சர்வீஸ் ஆன ஜனதாவுக்கு தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். மறுநாள் காலைவரை தெம்பாக ஓடுகிறது. நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போவதை நான் பொருட்படுத்துவதில்லை. திடீரென்று பல நிமிடம் வேகமாக ஓடினால் மட்டும் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஹேர்ஸ்பிரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது அது. ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் கவர் பக்கத்தில் வாட்சை வைக்காதீர்கள். காந்தம் நீக்கும் கருவியில் காட்டினால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும்.

சோனா மாடலின் கதை வேறு. மெல்லிய உடம்பு, தங்க முலாம், சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாது. என்னிடம் உள்ளவற்றில் மனசுக்கு மிகவும் நெருக்கமானது அதுதான். ஆனால் நம் ஊர் வியர்வையை அது தாங்காது. முதலில் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளில் முலாம் போகும். பிறகு சாவி வழியாக ஈரம் இறங்கி உள்ளே துரு பிடிக்கும். மறுபடி முலாம் பூசச் சொல்வார்கள். அதற்கு முன் பாலிஷ் போடும்போது கேஸின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடும் என்பதால் நான் பூசுவதில்லை. மார்கழி, தை மாதங்களில் மட்டும் கட்டுகிறேன். கழற்றியதும் பின்மூடியைத் துடைத்துத்தான் பெட்டியில் வைப்பேன்.

ஜனதாவும் பைலட்டும் ஒரே மெஷின் என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. டயல் கெட்டு, கேஸ் தேய்ந்து, யாரும் சீண்டாத வாட்ச் மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்து பேலன்ஸ் அச்சு உடைந்தால், இன்றைக்கு ஸ்பேர் கிடைக்கும் நம்பகமான இடம் இன்னொரு பழைய எச்.எம்.டிதான்.