ஒரே நாள் வெளியீடு, அம்மாவுக்கு மட்டும் பத்து நாள் தள்ளி

கொரியத் தொடர்கள் பார்ப்பதற்காகவே ஓர் ஆப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி ஒன்பது மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று ஆபீஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை, சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

போன ஜூலையில் ஒரு சனி-ஞாயிறு தொடரில் மாட்டிக்கொண்டேன். வாரம் இரண்டு எபிசோட், மொத்தம் 16, அதாவது எட்டு வாரம் வார இறுதியில் எந்தக் கல்யாணத்துக்கும் போக முடியாது. சியோலில் இரவு 9:20 என்றால் மடிப்பாக்கத்தில் மாலை 5:50, காபி நேரம். சித்தி மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், அவளுக்கு இரவு 8:20. கல்லூரித் தோழி டொரொண்டோவில், அவளுக்குக் காலை 8:20. கோடையில் இந்த இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்பதால் ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடும் இன்னொருத்தி பல் துலக்கிக்கொண்டும் ஒரே எண்ணைக் காட்டும் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

'கொரியாவில் வரும் அதே நாளில் இங்கேயும்' என்பதுதான் இந்த ஆப்பின் விளம்பரம். ஆங்கில சப்டைட்டில் வரை அது உண்மைதான், அங்கே முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். இது சின்ன விஷயமில்லை. 2002 ஜனவரியில் கொரியாவில் தொடங்கிய 'விண்டர் சொனாட்டா' பக்கத்து நாடான ஜப்பானுக்கே 2003-இல்தான் போனது, அதுவும் முதலில் செயற்கைக்கோள் சேனலில்.

ஆனால் ஐந்தாவது வாரம் கவிழ்த்துவிட்டார்கள். சனிக்கிழமை எபிசோட் இருக்க வேண்டிய இடத்தில் 'உங்கள் பகுதியில் விரைவில்' என்று ஒரு வரி, மறுநாள் காலை வரை அதே வரி. உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பதால் சிங்கப்பூர்க்காரிக்கு அதே தொடர் வேறொரு ஆப்பில், அங்கே நேரத்துக்கு வந்துவிட்டது. அவள் நல்லவள், கதையைச் சொல்லவில்லை. இரவு பத்தரைக்கு ஒரே ஓர் அழுமூஞ்சிப் பொம்மையை மட்டும் குரூப்பில் போட்டாள். போதாதா, யாரோ செத்துவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, யார் என்று யோசித்தே அன்றைய தூக்கம் போனது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் இன்டர்நெட்டை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்.

சரி, இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஏன் இன்னும் இதே ஆப்பில் இருக்கிறேன் என்றால், தமிழ் டப்பிங். இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கொரிய மொழியில் மரியாதையாகப் பேசுவது ஒரு விதம், நெருங்கியவர்களிடம் பேசுவது இன்னொரு விதம், வினைச்சொல்லின் வாலே மாறும். ஆறாவது எபிசோடில் நாயகன் முதல்முறையாக நாயகியிடம் மரியாதையை விட்டுவிட்டுப் பேசுகிறான், அவள் ஒரு நொடி அப்படியே நிற்கிறாள். ஆங்கிலத்தில் இரண்டுமே 'யூ'தான், அவள் எதற்கு நிற்கிறாள் என்று எனக்கு அன்று புரியவில்லை. தமிழில் அதுவரை 'நீங்க சாப்பிட்டீங்களா' என்றவன் 'நீ சாப்பிட்டியா' என்கிறான். அவ்வளவுதான், அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

'ஒப்பா'வில்தான் சறுக்கல். பெண் தன் அண்ணனையும் அப்படித்தான் கூப்பிடுவாள், காதலனையும் அப்படித்தான். ஆங்கில சப்டைட்டிலில் பெயரைப் போட்டுத் தப்பித்துவிடுகிறார்கள். தமிழில் ஒரு எபிசோடில் யாரோ கவனிக்காமல் 'அண்ணா' என்றே போட்டுவிட, குடை பிடித்துக்கொண்டு மழையில் நிற்கும் அந்த அருமையான காட்சியில் அம்மா, "என்னடி இது, அண்ணனையா கட்டிக்கப் போறா?" என்று அலறிவிட்டார். அத்தான் என்று போட்டிருக்கலாம், கொஞ்சம் பழைய வாடை அடித்தாலும் பரவாயில்லை.

இந்தத் தமிழ்தான் பத்து நாள் தாமதம். எட்டாம் எபிசோடில் அம்மா இருக்கும்போது நான் பதினொன்றில் இருந்தேன். சிங்கப்பூருக்கும் எனக்கும் ஒரு ராத்திரி இடைவெளி வந்ததற்கே அவ்வளவு கத்தினேன், ஹாலுக்கும் என் ரூமுக்கும் நடுவில் பத்து நாள். அம்மாவோ இது பெரிதில்லை என்பார், 2009-இல் கொரியாவில் வந்த 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' புதுயுகம் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வரும்வரை நான்கு வருடத்துக்கு மேல் ஆனதே என்பார். சொல்லிவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்ப்பார், ஏதாவது தெரிகிறதா என்று.

மற்றவை: டிவியில் படம் தெளிவு, போனில் அடிக்கடி உறைகிறது. அடுத்த எபிசோடின் முகப்புப் படத்திலேயே கதையை உடைக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாயகி படுத்திருக்கும் படத்தை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தானோ. தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள், பிறகு அந்தப் பொத்தானைத் தேடுவது தனி வேலை.

ஆங்கிலத்தில் பார்ப்பவர்கள் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம், ஒரு தொடருக்கு இரண்டு மாதச் சந்தா போதும். வீட்டில் தமிழில் பார்ப்பவர் இருந்தால் மூன்றாவது மாதமும் கட்ட வேண்டிவரலாம், பத்து நாள் தாமதத்தில் கடைசி எபிசோட் அதில் போய் விழலாம். நான் செப்டம்பரிலிருந்து அம்மாவோடு சேர்ந்து தமிழிலேயே பார்க்கிறேன், சித்தி மகள் குரூப்பையே ம்யூட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.