கிரிமியாவின் கறுப்பா, வோல்கோவின் சிவப்பா? ரஷ்ய, உக்ரைன் தக்காளி விதைகள்: ஓர் ஒப்பீடு

‘பிளாக் கிரிம்’ தக்காளியை ஒரு விதைப் பட்டியல் ரஷ்ய ரகம் என்கிறது, இன்னொன்று உக்ரைன் ரகம் என்கிறது. பிரெஞ்சுக்காரர்களிடம் அதே விதை ‘நுவார் தெ கிரிமே’ என்ற பெயரில் கிடைக்கும். கிரிம் என்றால் கிரிமியா. 2014-ல் ரஷ்யா அந்தத் தீபகற்பத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டதிலிருந்து பழத்துக்கும் குடியுரிமைத் தகராறுதான். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் நாட்டையும் பெயரையும் நான் இப்போதெல்லாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. செடி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் நாள்கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். புதிதாக விதை வாங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ‘கோஸ்மனாவ்த் வோல்கோவ்’ (விண்வெளி வீரர் வோல்கோவ்) ரகம் பழுக்க ரஷ்யப் பொட்டலத்தில் சுமார் 115 நாள் போட்டிருக்கும். அமெரிக்கப் பட்டியலில் சுமார் 70. இரண்டுமே சரி. ரஷ்யாவிலும் உக்ரைனிலும் முளை மண்ணுக்கு மேலே தலைகாட்டிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அமெரிக்கர்கள் நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். நடுவில் விடுபட்ட ஆறேழு வாரம் நாற்றுத் தட்டில் கழிந்த காலம். இது தெரியாமல் இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவசரக்காரப் பழம் சோம்பேறியாகத் தெரியும்.

பிளாக் கிரிம், வோல்கோவ் இரண்டும் நிற்காமல் உயர்ந்துகொண்டே போகும் ரகங்கள். ஊன்றுகோல் இல்லாமல் ஆகாது. இரண்டும் பெரிய, தட்டையான பழங்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

கிரிமின் நிறம்தான் ஆளை மயக்கும். பொதுவாகத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்து சிவப்பு மேலோங்கும். கறுப்பு ரகங்களில் இயற்கையாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றத்தால் பச்சையம் முழுவதும் சிதைவதில்லை. உள்ளே சிவப்பும் பச்சையும் கலந்து பழுப்பேறிய கருமையாகத் தெரிகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு: பழத்தின் தோள்பகுதி கடைசிவரை பச்சையாகவே இருக்கும். அதுவும் நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் கீழ்ப்பகுதி குழைந்துவிடும். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். அடிப்பக்கம் லேசாக அமுங்கினால் பறித்துவிடலாம். சுவையில் மெல்லிய உப்புக்கரிப்பு இருக்கிறது என்பார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. தோல் மெல்லியது. சில நாள் காயவிட்டுத் திடீரென்று தண்ணீர் பாய்ச்சினால் காம்பைச் சுற்றி வெடிக்கும்.

வோல்கோவ் அந்த அளவுக்கு அலட்டாது. 1971 ஜூனில் சோயுஸ் 11 விண்கலத்தில் திரும்பும்போது இரண்டு தோழர்களுடன் உயிரிழந்த விளாதிஸ்லாவ் வோல்கோவின் பெயர் அது. ரகம் உக்ரைனின் த்னிப்ரோ நகரப் பக்கத்திலிருந்து வந்தது. நல்ல சிவப்பு, புளிப்பும் இனிப்பும் சரிசமம். வானிலை கொஞ்சம் குளிர்ந்தாலும் பிஞ்சு பிடிக்கும். வாயில் வைத்தால் கிரிம் ஜெயிக்கும். கூடையை நிறுத்தால் வோல்கோவ். முதல் முறை விதைப்பவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் வோல்கோவ் என்றுதான் சொல்வேன்.

கறுப்பிலேயே ‘பால் ராப்சன்’ என்று ஒன்று உண்டு. சோவியத் மக்கள் கொண்டாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பெயரை ரஷ்யர்கள் பழத்துக்கு வைத்திருக்கிறார்கள். கிரிமுக்கு நெருங்கிய சுவைதான். பழத்தை மட்டும் கையில் கொடுத்தால் எது எது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

குட்டை, நெட்டைப் போட்டி வேறு மாதிரி. ‘பேலி நலீவ் 241’ முழங்கால் உயரக் குத்துச்செடி. சீக்கிரம் காய்த்து, மொத்தமாகப் பழுத்து, ஓய்ந்துவிடும். பின்பருவ இலைக்கருகல் நோய் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடுவதே இதன் பெரிய பலம். பெயரில் ‘பேலி’, அதாவது வெள்ளை, இருந்தாலும் பழம் சிவப்பு. காயாக இருக்கும்போதுதான் வெளுத்திருக்கும். இதே பெயரில் ஆப்பிள் ஒன்றும் இருக்கிறது, பொட்டலத்தைப் பார்த்து வாங்கவும். எல்லோரும் ரஷ்ய ரகம் என்று சொன்னாலும் இது சோவியத் காலத்துக் கஜகஸ்தானில் உருவானது. எதிர்ப்பக்கம் ‘தெ பராவ்’: ஆளை மிஞ்சும் உயரம், நீள்முட்டை வடிவப் பழம், கெட்டிச் சதை, நாள்பட வைத்தாலும் கெடாது. ஊறுகாய்ச் சாடிக்கு அப்படியே முழுதாகப் போடலாம். ஆனால் தாமதம். வெயில் காலம் குறுகிய இடத்தில் தெ பராவை வெட்டவெளியில் நட்டால் பச்சைக் காயைத்தான் பறிக்க வேண்டியிருக்கும்.

நெட்டை ரகங்களில் இலைக்கக்கத்தில் கிளம்பும் பக்கக் கிளைகளைக் கிள்ளி எடுப்பார்கள். அந்தக் கிளைக்கு ரஷ்ய மொழியில் ‘பாஸினொக்’ என்று பெயர். ‘கணவன் அல்லது மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை’ என்று பொருள். பாவம், அதையும் கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். குத்துச்செடிகளில் இதைச் செய்யாதீர்கள், விளைச்சலே போய்விடும். குழப்பமாக இருந்தால் பூங்கொத்துகளைப் பாருங்கள்: மூன்று இலைக்கு ஒரு கொத்து என்றால் நெட்டை, ஓரிரு இலைக்கு ஒன்று வந்து, நுனியும் கொத்தாகவே முடிந்தால் குட்டை.

அடையாளம் காண்பதில் மிக எளிமையானது ‘ஜப்பானியக் கறுப்பு ட்ரஃபிள்’. ஜப்பானுக்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு, பரவியது ரஷ்யாவிலிருந்து. பேரிக்காய் வடிவம். இலை ரம்பப் பல் இல்லாமல் உருளைக்கிழங்கு இலை மாதிரி விளிம்பு மழுங்கியிருக்கும். இந்தக் குணம் ஒடுங்கு மரபணுவால் வருவது, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். வேறு ரகத்தின் மகரந்தம் சேர்ந்திருந்தால் நாற்றிலேயே பல்விளிம்பு இலை வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வியாபாரியிடம் வாங்கிய பத்து விதையில் எனக்கு மூன்று அப்படி முளைத்தன. நாலாவது இலையிலேயே தெரிந்ததால் பிடுங்கிப் போட்டேன். கிரிமிலும் வோல்கோவிலும் இந்த வசதி கிடையாது. கலப்பானாலும் இலை ஒரே மாதிரிதான், பழம் வந்த பிறகுதான் குட்டு உடையும்.

விதைப்பில் எல்லாம் ஒன்றுதான்: அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழம், 22 முதல் 27 டிகிரி வெப்பம், ஒரு வாரத்தில் முளை. ரஷ்யத் தோட்டக்காரர்கள் விதையைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்துக் கழுவுவார்கள். வீட்டில் எடுத்த விதைக்கு நானும் செய்கிறேன். பொட்டலத்தில் ‘சோர்த்’ (நிலையான ரகம்) என்றிருந்தால் அடுத்த பருவத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். ‘கிப்ரித்’ (கலப்பினம்) அல்லது எஃப் 1 (முதல் தலைமுறைக் கலப்பு) என்றிருந்தால் வேண்டாம், பிள்ளைகள் தாயைப் போல இருக்காது. விதைக்கூழை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் காயவைத்தால் நாலைந்து வருடம் முளைப்புத்திறன் நிற்கும்.

இந்தப் பருவத்தில் என் தட்டில் வோல்கோவ் பாதி, பேலி நலீவ் கால்வாசி. மீதிக் குழிகளில் கிரிம், வெடித்தாலும் பரவாயில்லை என்று.