பழைய டாடாமொபைல் பிக்கப் வண்டியை ரெடி பண்ண புதுப்பேட்டை போலாமா? என் ஏழு மாச அனுபவம்

பழைய வண்டிக்கு இரும்பு சாமான் வேணும்னா சென்னையில பழைய வண்டி சாமான் விக்கற புதுப்பேட்டைக்கு போங்க, ரப்பரும் ஒயரும் வேணும்னா அந்தப் பக்கமே திரும்பாதீங்க. ஏழு மாசமும் ஒன்றரை லட்சத்துக்கு மேலயும் போட்டு நான் கத்துக்கிட்டது இவ்ளோதான், அவசரத்துல இருக்கறவங்க இதோட எழுந்து போயிடலாம். நேரம் இருக்கறவங்களுக்கு கதையா சொல்றேன்.

வண்டி எங்க சித்தப்பாவோடது, 1993 மாடல் டாடாமொபைல் 206. இந்த பிக்கப் மொதல்ல வந்தது 1988ல, அப்ப கம்பெனி பேரு டெல்கோ, டாடா மோட்டார்ஸ்னு மாறினதே 2003லதான், அதனால பழைய மெக்கானிக்குங்க இன்னிக்கும் டெல்கோ வண்டின்னுதான் சொல்றாங்க. செங்கல்பட்டு பக்கம் எங்க ஊர்ல நெல்லு மூட்டை, வாழைத்தார், கல்யாண வீட்டு பாத்திரம்னு ஏத்தாத லோடு இல்ல. அப்புறம் சித்தப்பாவுக்கு முட்டி வலி வந்து, எட்டு வருஷம் மாட்டுக்கொட்டாய் ஓரமா நின்னுடுச்சு. லோடு ஏத்தற பின்பக்கத் தொட்டியில மழைத்தண்ணி தேங்கித் தேங்கி கீழ தரை தெரியுது, சீட்டுக்கு அடியில கோழி முட்டை வெச்சிட்டிருந்துது. பழைய இரும்புக்காரர் வந்து 38,000 தரேன்னார், சித்தப்பா தலையை ஆட்டிட்டார், நான்தான் நடுவுல பூந்து வேணாம் சித்தப்பா எனக்கு குடுங்கன்னு வாங்கினேன். சித்தி ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, அதை இன்னும் மறக்கல.

பழைய பிக்கப்னா ஏதோ ஜீப்பு, இல்ல ஃபாரின் வண்டின்னு தேடறவங்க இருக்காங்க. கையில காசு கம்மின்னா இந்த 206 மாதிரி வண்டிதான் சரி, ஏன்னா இதுல இருக்கற 1948 சிசி டீசல் எஞ்சினைத்தான் அப்புறம் 1991ல சியராவுலயும் 1994ல சுமோவுலயும் போட்டாங்க. சுமோ ஓடாத ஊர் நம்மகிட்ட இருந்திருக்கா? அதனால எஞ்சின் சாமானுக்கு இன்னிக்கும் பஞ்சம் இல்ல. முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கிக் குடுக்கற கம்பி, அதுவும் அதே சுமோ குடும்பம்தான். கஷ்டம் எல்லாம் கதவு, கண்ணாடி, தொட்டி, கேபின்ல வர்ற சின்னச் சின்ன ஐட்டம்லதான். அதைத் தேடித்தான் புதுப்பேட்டை.

எழும்பூர் ஸ்டேஷன்ல எறங்கி நடந்தே போயிடலாம். போகாதவங்களுக்கு சொல்றேன், தெரு ரெண்டு பக்கமும் ஆக்ஸில், கியர்பாக்ஸ், பம்பர்னு மலை மாதிரி குவிஞ்சிருக்கும், கதவுங்களை எல்லாம் லைப்ரரி புஸ்தகம் மாதிரி வரிசையா நிக்க வெச்சிருப்பாங்க, பழைய ஆயில் வாசனை சட்டையில ஏறினா ரெண்டு துவையலுக்கு போகாது. வண்டி பேரு சொன்னா பத்து பேரு கூப்பிடுவாங்க, பதட்டப்படாதீங்க. பழைய சாமானை கையில எடுத்துட்டு போங்க. பேரை சொல்லிக் கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, சாமானை காட்டினாத்தான் உண்மை வரும்.

கதவுக்குள்ள கண்ணாடி ஏத்தி எறக்கற மெஷின் ஒண்ணு போயிடுச்சு. எங்க ஊர் மெக்கானிக் அதுல சாக்பீஸ்ல 'லெஃப்டு'ன்னு எழுதிக் குடுத்தார். ஒரு சந்துக்குள்ள, எழுவது வயசு இருக்கும் ஒரு பாய், ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார். பைய வாங்கி, சாமானை வெளிய எடுத்து, மண்ணெண்ணெய் துணியால தொடைச்சி, பல்லு பல்லா நகத்தால தடவிப் பாத்தார். அப்புறம் எதிர்ல ஒரு கதவு இருக்கற மாதிரி காத்துல புடிச்சி கையாலயே சுத்தினார். "தம்பி, இது ரைட்டு"ன்னார். இல்ல பாய், மெக்கானிக் லெஃப்டுன்னு எழுதியிருக்காரேன்னேன். "வண்டிக்கு முன்னாடி நின்னுட்டு லெஃப்டு ரைட்டு சொல்லுவாங்க. டிரைவர் சீட்டுல உக்காந்து சொல்லு." சொல்லிட்டு எழுந்து போய் ஒரு கோணிப்பையில கையை விட்டு, பாக்காமலேயே ஒண்ணை எடுத்துட்டு வந்தார். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா ஓட்டைக்கு ஓட்டை சரியா உக்காருது. 1,200 கேட்டார், 700க்கு முடிஞ்சது. உண்மையை சொன்னா நான் 1,200ஏ குடுத்திருக்கணும், அந்த லெஃப்டு ரைட்டு பாடத்துக்கே 500 தரலாம், ரெண்டு ரயில் பயணம் மிச்சம்.

அடுத்தது கதவு. டிரைவர் சைடு கதவோட அடிப்பக்கம் எனக்கு மொத்தமா உளுத்துப்போச்சு. மொத கடையில ஒரு கதவு பளபளன்னு நிக்குது, 9,000னு சொன்னாங்க. நான் பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தை ஒரு காட்டன் துணியில சுத்தி பாக்கெட்ல வெச்சிருந்தேன், அதை மேல இருந்து கீழ வரைக்கும் தடவிட்டே வந்தா, கைப்பிடிக்கு கீழ ஒரு ஜாண் அளவுக்கு ஒட்டவே இல்ல, பொத்துனு விழுது. உள்ள பூரா பட்டி, அதான் ஓட்டையை அடைச்சி மேல பெயிண்ட் அடிக்கற பேஸ்ட். கடைப்பையன் வேற பக்கம் பாத்தான், நானும் சிரிச்சிட்டு நகர்ந்துட்டேன். நாலு கடை தள்ளி இன்னொரு கதவு, நடுவுல நல்லா ஒடுக்கு, பெயிண்ட் பாதி இல்ல, பாக்கவே பரிதாபம், ஆனா காந்தம் எல்லா எடத்துலயும் கப்புனு புடிக்குது. 5,500. ஒடுக்கு விழுந்த கதவை தைரியமா வாங்குங்க, மினுக்கற கதவை சந்தேகப்படுங்க. ஒடுக்கை டிங்கர், அதாவது வண்டி தகடு வேலை பாக்கறவர், ஒரு மதியத்துல எடுத்துடுவார், துருவை யாராலயும் எடுக்க முடியாது, வெட்டித்தான் போடணும்.

இது வரைக்கும் புகழ்ந்தாச்சு, இப்ப வயித்தெரிச்சல். எஞ்சினை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் வாங்கினேன். கடை பேரு வேணாம். நல்லா சில்வர் பெயிண்ட் அடிச்சி, பாலிதீன் கவர்ல போட்டு, 'ரீகண்டிஷன் சார், புதுசு மாதிரி'ன்னு 4,200 வாங்கினாங்க. அரிசிப்பையில போட்டு செங்கல்பட்டு லோக்கல்ல மடியில வெச்சிட்டு வந்தேன், பக்கத்துல உக்காந்திருந்த அம்மா என்ன தம்பி பலாப்பழமான்னு கேட்டாங்க. மாட்டினதும் ரெண்டு தடவை சுத்துச்சு, மூணாவது தடவை 'கிர்ர்'ன்னு ஒரு சத்தம், முடிஞ்சது. பிரிச்சா கார்பன் பிரஷ் தேஞ்சு நூலா இருக்கு, புஷ்ஷு முட்டை வடிவத்துல ஆயிருக்கு. பெயிண்ட் மட்டும்தான் புதுசு. திருப்பி எடுத்துட்டு போனா 'வாங்கறப்பவே செக் பண்ணியிருக்கணும்'னுட்டாங்க, ஒரு ரூபா திரும்பல. அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சது, ஏன்னா பக்கத்து கடையிலயே ஒருத்தர் தரையில பேட்டரி வெச்சி ரெண்டு ஒயரை குடுத்து சுத்திக் காட்டித்தான் விக்கறார், நான்தான் கேக்கல. கடைசியில என்னோட பழைய செல்ஃப் மோட்டாரையே எங்க ஊர் எலக்ட்ரீஷியன் புது புஷ்ஷு, கார்பன் போட்டு 1,800க்கு உயிர் குடுத்துட்டார். அந்த சில்வர் மோட்டார் இப்ப மாட்டுக்கொட்டாய் கதவுக்கு முட்டு.

அதுக்கப்புறம் தேயற சாமான் எதுவும் செகண்ட்ஸ்ல வாங்கறதில்லன்னு முடிவு பண்ணி ஜி.பி. ரோடு பக்கம் திரும்பினேன், அதான் மவுண்ட் ரோடுல இருந்து பிரியற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பிரேக் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், ஹோஸ், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண சூடாக்கற ஹீட்டர் பிளக், ஃபில்டர் எல்லாம் டப்பா பிரிக்காம பில்லோட கெடைக்கும். இங்க ஒரு சூட்சுமம், 206னு கேட்டா சின்னப் பசங்க முழிப்பாங்க, பழைய டூ லிட்டர் சுமோன்னு கேட்டீங்கன்னா எஞ்சின் சாமான் உடனே வரும். நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டமும் உண்டு, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் ரெண்டும் சென்னையில இருக்கற பாடிங்கற ஏரியாவுல, இந்தியா பிஸ்டன்ஸ் பக்கத்துல செம்பியத்துல, பாதி சாமான் இங்கயே செய்யறது. பாடி வேலைக்கு புதுப்பேட்டை, பாடியில செஞ்ச சாமானுக்கு ஜி.பி. ரோடுன்னு ஞாபகம் வெச்சிக்கோங்க. பேரம் மட்டும் இங்க அவ்வளவா நடக்காது, மூஞ்சியை பாக்காம பார்ட் நம்பரைத்தான் கேப்பாங்க.

எஞ்சின் பத்தி ஒரு விஷயம். எட்டு வருஷம் நின்ன டீசல் எஞ்சினை பேட்டரி மாட்டி நேரா சாவியை திருப்பிடாதீங்க. நாலு ஹீட்டர் பிளக்கையும் கழட்டி அந்த ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சம் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊத்தி ரெண்டு நாள் விட்டோம், மூணாவது நாள் கிராங்க் புல்லி நட்டுல பெரிய ஸ்பேனரை போட்டு கையால மெதுவா தள்ளினா, மொதல்ல அசையல, அப்புறம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி சுத்த ஆரம்பிச்சது. ஊத்தினது மிச்சம் இருந்தா வெளிய வரட்டும்னு பிளக்கை மாட்டாமலே நல்லா சுத்த விட்டோம். டேங்குக்குள்ள தார் மாதிரி கசடு, அதை கழுவி, புது ஆயில், ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் பண்ணப்போ வந்த புகையில கோழி ஒண்ணு கூட ரெண்டு நாளா அந்தப் பக்கம் வரல. எஞ்சினை எறக்கவே தேவைப்படல, அது சுத்த அதிர்ஷ்டம். ஒருவேளை உங்களுக்கு வேற எஞ்சின் வேணும்னு வந்தா பேப்பர் இல்லாத எஞ்சினை எவ்ளோ சீப்பா குடுத்தாலும் தொடாதீங்க, எஞ்சின் நம்பர் ஆர்சி புக்குல ஏறணும், பில் இல்லன்னா ஆர்டிஓ ஆபீஸ்ல மாட்டிப்பீங்க, திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா கதை வேற எங்கயோ போயிடும்.

தொட்டி விஷயத்துல டிங்கருக்கும் எனக்கும் பெரிய சண்டை. அவர் மேடு மேடா டிசைன் வர்ற 3 எம்எம் செக்கர் பிளேட் போட்டா நூறு வருஷம் வரும்னார். உக்காந்து கணக்கு போட்டேன், 3 எம்எம் செக்கர் பிளேட் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ கிட்ட வரும், தொட்டி தரை மட்டுமே மூணரை சதுர மீட்டர், கிட்டத்தட்ட 90 கிலோ, அதாவது ஒரு ஆளை தெனமும் சும்மா ஏத்திட்டு சுத்தற மாதிரி. 2 எம்எம் பிளெயின் ஷீட்டுன்னா 55 கிலோவுல முடியுது. அதையே போட்டோம், நாலு மூலையிலயும் தண்ணி போக ஓட்டை, கேபின் தரைக்கு 18 கேஜ் தகடு. துரு மேல ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சி மூடிடலாம்னு யாராவது சொன்னா அவர்கிட்ட வண்டியை விடாதீங்க, அடுத்த மழைக்காலத்துல கொப்புளம் கெளம்பும்.

பெயிண்ட்ல என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீப்பு, ஆனா வெயில்ல சீக்கிரம் மங்கிடும், அதனால பியு (பாலியூரித்தேன்) அடிச்சேன். பெயிண்டர் மூக்குல துண்டை மட்டும் கட்டிட்டு அடிக்க வந்தார், பியு ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலை பதம் பாத்துடும், துண்டெல்லாம் பத்தாதுண்ணேன்னு சொல்லி கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கிக் குடுத்தேன். முப்பது வருஷமா இப்படித்தான் அடிக்கறேன்னார், அப்புறம் மாஸ்க்கை வீட்டுக்கே எடுத்துட்டு போயிட்டார், அதுவும் நல்லதுக்குத்தான். கலர் ஆர்சில இருக்கற அதே வெள்ளைதான். மாத்தணும்னா ஆர்டிஓல சொல்லி புக்குல ஏத்தணும், எனக்கு எஃப்சிக்கு, அதான் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுக்கு, அலைஞ்ச அலைச்சலே போதும். விண்டேஜ் வண்டின்னு தனியா பதிவு பண்ற ரூல் 2021ல வந்துச்சேன்னு கேக்காதீங்க, அதுக்கு வண்டிக்கு 50 வயசு ஆகணும், நம்மாளுக்கு 2043 வரைக்கும் டைம் இருக்கு.

காசு எவ்ளோ ஆச்சுன்னா, நெனச்சது 1,20,000, ஆனது 1,70,000. டிங்கரிங், பெயிண்ட் மட்டுமே 74,000 முழுங்கிடுச்சு, புதுப்பேட்டை அந்த வீணாப்போன செல்ஃப் மோட்டாரையும் சேத்து 31,000, ஜி.பி. ரோடு 38,000, மிச்சம் டயரும் பேட்டரியும். ஆக, பட்ஜெட்டை ஒடைக்கறது சாமான் இல்ல, கூலி. சாமான்ல பேரம் பேசி 2,000 மிச்சம் புடிக்கறதுக்கு, நீங்களே உக்காந்து பழைய பெயிண்டை சொரண்டிக் குடுத்தா 8,000 மிச்சம், எனக்கு டிங்கர் அப்படித்தான் கொறைச்சார், கை ஒரு வாரம் மரத்துப்போச்சு.

புதுப்பேட்டைக்கு ஸ்டார் போடணும்னா இரும்பு சாமானுக்கு நாலரை, எலக்ட்ரிக்கலுக்கு ஒண்ணு, அந்த பாய்க்கு மட்டும் தனியா அஞ்சு. வார நாள்ல பதினோரு மணி வாக்குல போங்க, காந்தம், துணி, ஒரு சின்ன டார்ச், பழைய சாமான் நாலும் பையில இருக்கட்டும், நல்ல சட்டை போட்டுட்டு போகாதீங்க, ரேட்டும் ஏறும், சட்டையும் போயிடும்.

சித்தப்பா போன வாரம் வண்டியை பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம டிரைவர் கதவை நாலு தடவை தொறந்து தொறந்து சாத்திப் பாத்தார். அப்புறம் பின்பக்கம் போய், "டேய், டெயில் கேட்டுல ஒரு கொக்கி காணோமே"ன்னார். ஆமா, ரைட் சைடு கொக்கி இன்னும் கெடைக்கல, மூணு தடவை போயும் சிக்கல, இப்போதைக்கு செயின் போட்டு கட்டி வெச்சிருக்கேன். 206 தொட்டியோட கொக்கி யாராவது எங்கயாவது பாத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. ரைட்டுன்னா டிரைவர் சீட்டுல உக்காந்து பாக்கற ரைட்டு.